காளிகாட் கிரைண்டரும் டாலஸ் கரண்டும்

காளிகாட் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்குப் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் லேக் மார்க்கெட் வந்துவிடும். கொல்கத்தாவில் தமிழ்ப் பேச்சு காதில் விழும் வட்டாரம் இதுதான். முருங்கைக்காய், வாழையிலை, மல்லிகைச் சரம், காப்பித்தூள் எல்லாம் இங்கே கிடைக்கும். கம்பெனி உத்தியோகத்துக்கும் அரசாங்க வேலைக்குமாகக் கல்கத்தா வந்து, இந்தத் தெருக்களிலேயே வேர்விட்ட குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது பெட்டி கட்டுகிறார்கள். ஒருத்தி டாலஸுக்கு, ஒருவன் டொராண்டோவுக்கு, இன்னொருவர் சிங்கப்பூருக்கு.

பெட்டி கட்டும் வாரத்தில் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். "மிக்ஸியை எடுத்துட்டுப் போயேன், புதுசாத்தானே இருக்கு" என்பார் அம்மா. "அங்கே கரண்டு வேற மாதிரிம்மா" என்பாள் மகள். "பிளக்கை மாத்திக்கிட்டாப் போச்சு" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வார். மூவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மாமா சொல்வதைக் கேட்டு நடந்தால் சில ஊர்களில் மிக்ஸி நன்றாக ஓடும். சில ஊர்களில் திணறி நின்றுபோகும். எந்த ஊரில் எது நடக்கும் என்பதைச் சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னத் தகடே சொல்லிவிடும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொல்கத்தாக்காரர்களுக்கு இது புதிய சிக்கல் இல்லை. வெளிநாடு போனால் இன்று வரும் இந்தத் தொல்லை, ஒரு காலத்தில் இதே நகரத்துக்குள் வீடு மாறினாலே வந்தது.

கல்கத்தாவுக்கு மின்சாரம் கொண்டுவந்தது லண்டனில் பதிவான ஒரு கம்பெனி. 1897 ஜனவரியில் உரிமம் கிடைத்தது. அடுத்த மாதமே 'கல்கத்தா எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்றும் காளிகாட் வீடுகளுக்கு மின் கட்டண ரசீது அனுப்பும் சி.இ.எஸ்.சி. அதுதான். 1899 ஏப்ரல் 17 அன்று பிரின்செப் தெருவுக்குப் பக்கத்தில் இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. அதே ஆண்டு ஜூன் 14 அன்று காளிகாட்டுக்கும் வந்தது. அதுவரை குதிரை இழுத்த வண்டி.

அந்த ஆரம்பகால மின்சாரம் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இன்று நம் வீடுகளில் இருப்பது ஏ.சி.; நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. உலகம் ஏ.சி.க்கு மாறிய பிறகும் கல்கத்தாவின் பழைய பகுதிகள் சிலவற்றில் டி.சி. நெடுங்காலம் தங்கியிருந்தது. சென்னையிலும் அப்படித்தான். பழைய டி.சி. பகுதியிலிருந்து ஏ.சி. வந்துவிட்ட தெருவுக்குக் குடிபோனவர் மின்விசிறியைக் கழற்றி எடுத்துப் போவதில் அர்த்தமே இருக்கவில்லை. டி.சி. விசிறிக்குள் கார்பன் பிரஷ் இருக்கும், ஏ.சி. விசிறியில் இருக்காது, இரண்டும் வேறு வேறு மோட்டார். எதிர்த்திசையில் குடிபோனவருக்கு ஆபத்து இன்னும் அதிகமாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏ.சி. ரேடியோவை டி.சி. பிளக்கில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் 'ஏ.சி./டி.சி.' என்று அச்சிட்ட ரேடியோக்கள் விற்றன. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இரண்டிலும் ஓடும் அமைப்பு அது. 'உங்க தெருவுல என்ன கரண்டு?' என்று தெரியாமல் சாமான் வாங்க முடியாத நகரமாகவே கல்கத்தா பல பத்தாண்டுகள் இருந்தது.

விசிறியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் மின்விசிறித் தொழிலுக்குத் தாய்வீடு இந்த நகரம்தான். ஓரியண்ட், கைதான், போலார் எல்லாமே கொல்கத்தாவோடு பிணைந்த பெயர்கள். உஷா விசிறிகள் செய்த ஜே என்ஜினியரிங் தொழிற்சாலை பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்தது. இன்று அங்கே சவுத் சிட்டி அடுக்குமாடிகளும் மாலும் நிற்கின்றன. காளிகாட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. சுழலும் மோட்டாரைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

வெளிநாட்டுக் கணக்குக்கு வருவோம். தகட்டில் பார்க்க வேண்டியவை மூன்று: வோல்ட், ஹெர்ட்ஸ், வாட். இந்திய மிக்ஸி என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 500 அல்லது 750 வாட் என்று இருக்கும். கைப்பேசி சார்ஜரிலும் லேப்டாப் அடாப்டரிலும் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும். அப்படி எழுதியிருந்தால் உலகத்தில் எந்த ஊர் பிளக்கிலும் செருகலாம், பிளக் வடிவம் மட்டும் பொருந்தினால் போதும். சார்ஜர் எங்கும் வேலை செய்வதைப் பார்த்துத்தான் பலர், எல்லாச் சாமானும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறார்கள். விமான நிலையத்தில் விற்கும் சின்ன அடாப்டர் பிளக்கின் கால்களை மட்டுமே மாற்றுகிறது, வோல்டேஜைத் தொடுவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பாழான சாமான்களே அதிகம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சுவர் பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இது எடிசன் காலத்து மிச்சம். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய மின் நிலையம் சுமார் 110 வோல்ட்டில்தான் விளக்கெரித்தது. அதைச் சுற்றி ஊரும் சாமான்களும் வளர்ந்துவிட்டபின் மாற்றுவது லேசான வேலையில்லை. ஐரோப்பாவில் சில நகரங்கள் ஆரம்பத்திலேயே மாறிக்கொண்டன. கல்கத்தாவில் விளக்கு எரிந்த அதே 1899இல் பெர்லின் மின் நிறுவனம் 220 வோல்ட்டுக்குப் போனது. கம்பி அதே கம்பி; வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதிலேயே கூடுதல் மின்சாரம் அனுப்பலாம் என்ற கணக்குதான்.

சூடேற்றும் சாமான்களில் கணக்கு எளிது, விளைவு கடுமை. வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகாது, கால் பங்காகிவிடும். காளிகாட்டில் 1,000 வாட் தரும் இஸ்திரிப் பெட்டி அமெரிக்காவில் 270 வாட் கொடுத்தாலே பெரிது. கைக்குட்டைச் சுருக்கம்கூடப் போகாது. ஆனால் ஆபத்து இல்லை. திரும்பி வரும்போதுதான் ஆபத்து. அங்கே வாங்கிய 120 வோல்ட் காப்பி மேக்கரையோ ரைஸ் குக்கரையோ இங்கே செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு பாயும். 1,000 வாட் சாமான் 3,600 வாட்டுக்கு மேல் இழுக்கும். சில நொடியில் காயில் போகும், அல்லது வயர் எரியும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் அன்போடு அம்மாவுக்குக் கொண்டுவரும் சாமான்களில் தகட்டைப் பார்க்காமல் எதையும் செருகவே கூடாது. கொல்கத்தாவின் சாந்தினி மார்க்கெட்டிலோ எஸ்ரா தெருவிலோ, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் 1,000 வாட் சூடேற்றும் சாமானுக்கு அதைவிடப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தப் பணத்தில் இங்கேயே புது ரைஸ் குக்கர் வந்துவிடும்.

இனி மிக்ஸி. இதன் கதையே ஒரு வெளிநாட்டுச் சாமானிலிருந்து தொடங்குகிறது. பம்பாயில் சீமென்ஸில் வேலை பார்த்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில் ஜெர்மன் பிரான் மிக்ஸி ஒன்று இருந்தது. அது பழுதானபோது இங்கே சரிசெய்ய வழி இருக்கவில்லை. ஐரோப்பியச் சமையலுக்குச் செய்த மோட்டார், ஊறிய பருப்பையும் கொப்பரையையும் காய்ந்த மஞ்சளையும் எவ்வளவு நாள் தாங்கும்? நம் அடுக்களைக்கு ஏற்ற மோட்டாரை நாமே செய்வோம் என்று அவர் இறங்கியதன் பலன்தான் 'சுமீத்'. எண்பதுகளில் கல்யாணச் சீர் வரிசையில் அந்தப் பெயர் இல்லாத தமிழ் வீடு குறைவு. பின்னாலேயே சென்னையிலிருந்து 'ப்ரீத்தி' வந்தது.

மிக்ஸிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார். அதற்கு ஹெர்ட்ஸ் 50 ஆனாலும் 60 ஆனாலும் பெரிய வித்தியாசமில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். ஆகவே இந்திய மிக்ஸியை அமெரிக்காவில் வோல்டேஜை ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் என்று வாங்கிவிடக் கூடாது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். 1,500 வாட்டாவது வேண்டும். இரும்புக் கருவோடு பல கிலோ கனக்கும் அந்தப் பெட்டி, சமையல் மேடையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு உறுமும். இதற்குப் பதிலாகக் கையடக்கமாக, விலை குறைவாக விற்கும் 'டிராவல் கன்வெர்ட்டர்' வாங்குகிறவர்களும் உண்டு. அது சூடேற்றும் சாமான்களுக்காக அலையை வெட்டித் தரும் கருவி. அதில் மோட்டாரை மாட்டினால் மிக்ஸியும் போகும், கன்வெர்ட்டரும் போகும்.

கிரைண்டர் விஷயம்தான் இதில் மிகச் சிக்கலானது. தமிழ் வீடுகளுக்கு மனசு கேட்காததும் அதுதான்.

1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லில் குனிந்து அரைத்த ஒரு தலைமுறைப் பெண்களின் இடுப்பு வலியை எடுத்துப்போட்ட கருவி. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகும். கல்லில் அரைத்தால் உளுந்து காற்றை வாங்கிப் பொங்கி வரும். இட்லி அதிலிருந்துதான் பிறக்கிறது. கொல்கத்தாவின் மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவைக்கப் பாடுபட்ட வீடுகளுக்கு அந்த உளுந்தின் அருமை தெரியும். டாலஸுக்குப் போகிற பெண் மேசைக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போக ஆசைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் கிரைண்டருக்குள் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, ஹெர்ட்ஸ். இந்தியாவில் நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டி ஓடும் நாலு துருவ மோட்டார், 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1,800ஐ ஒட்டி ஓடப் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரால் வோல்டேஜை ஏற்றலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. 120ஐ 240 ஆக்கி மாட்டினால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அதே நேரத்தில் மோட்டாரின் இழுவிசை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். வேகம் கூடியதால் பாரம் கூடுகிறது, இழுக்கும் சக்தியோ குறைகிறது. அரிசி பாதி மசிந்து மாவு கெட்டியாக இருக்கும் நேரத்தில் மோட்டார் திணறி முனகும். காயில் சூடாகும், மாவும் சூடாகும், பெல்ட் தேயும். சிலர் வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள்தான். ஆனால் கொஞ்சமாக ஊறவைத்து, தண்ணீர் விட்டு விட்டு, பக்கத்திலேயே நின்று ஓட்டுகிறார்கள்.

அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் பெரிய அடுப்புக்கும் 240 வோல்ட் பிளக் உண்டு. 'அதில் மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாமே' என்று அங்குள்ள நம்மவர்களிடையே ஒரு யோசனை உலவுகிறது. செய்யக் கூடாத காரியம் அது. அந்த லைன் பொதுவாக 30 ஆம்பியருக்குக் குறையாத பிரேக்கரில் இருக்கும். கிரைண்டரின் மெல்லிய வயர் எரியத் தொடங்கினாலும் அந்த பிரேக்கர் விழாது. அதோடு ஹெர்ட்ஸ் அங்கேயும் 60தான். கல்லின் வேகச் சிக்கல் தீரவே தீராது.

சரியான வழி வேறு. ப்ரீத்தி மிக்ஸியிலும் கோவையின் அல்ட்ரா கிரைண்டரிலும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல்கள் அமெரிக்கா, கனடாவுக்கென்றே வருகின்றன. மோட்டாரே அந்த ஊர் ஹெர்ட்ஸுக்குக் கட்டப்பட்டது. விலை கூடுதல்தான். ஆனால் அம்மா வீட்டுக் கிரைண்டரை அம்மாவிடமே விட்டுவிட்டு, அங்கே இறங்கியதும் இதை வாங்குவதே நல்லது. இல்லை, இங்கிருந்தே எடுத்துப்போக வேண்டும் என்றால் கடையில் '110 வோல்ட்' என்று மட்டும் கேட்காமல் ஹெர்ட்ஸையும் கேட்டு, தகட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லா ஊரும் இப்படிப் படுத்துவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், குவைத், பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் நம்மைப் போலவே 230ஐ ஒட்டிய வோல்டேஜ், 50 ஹெர்ட்ஸ். அங்கெல்லாம் மாமா சொன்னது சரி. பிளக்கை மாற்றினால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போனவருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ போனவருக்கும் இடையில் இந்த ஒரு வித்தியாசம் இருந்தது. லண்டன்காரர் ஊர் மிக்ஸியைச் சதுரக் கால் பிளக் போட்டு ஓட்டினார். டொராண்டோக்காரருக்கு அது வெறும் பாரம். வளைகுடாவில் சவூதி மட்டும் விதிவிலக்கு. அங்கே ஹெர்ட்ஸ் 60. வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் இருந்தது. துபாயிலிருந்து ரியாத்துக்கு மாற்றலாகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட்தான். அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. ஒரே தேசத்துக்குள் அந்தப் பிரிவினை இன்றும் நீடிக்கிறது. கல்கத்தாவின் டி.சி. தெருக்களை நினைத்தால் ஜப்பானியரின் அவஸ்தை புரியும்.

நம் வீட்டு உருண்டைக் கால் பிளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பிரிட்டிஷ் தரம். 1947இல் அவர்கள் தங்கள் ஊரில் சதுரக் கால், உள்ளே ஃப்யூஸ் என்று புதிய பிளக்குக்கு மாறினார்கள். பழையதை நாம் வைத்துக்கொண்டோம். இலங்கையிலும் அது நெடுங்காலம் இருந்தது. சதுரக் கால் பிளக் போடும்போது உள்ளிருக்கும் ஃப்யூஸைப் பார்க்கத் தவறக் கூடாது. கடையில் வரும் பிளக்கில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். 150 வாட் கிரைண்டருக்கு அது மிக அதிகம். 3 ஆம்பியர் போதும். 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்பியர். வயரைக் காப்பதற்குத்தான் ஃப்யூஸ். 13 ஆம்பியரைப் போட்டுவிட்டால் வயர் உருகும்வரை அது அசையாது.

எர்த் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் வோல்டேஜ் நம்முடையதுதான். நம் மூன்று கால் பிளக்கை அங்கே மாட்ட விற்கும் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் காலுக்கு ஓட்டை மட்டும் இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. பிளாஸ்டிக் உடம்புள்ள மிக்ஸிக்கு அது பெரிய குறையில்லை. ஸ்டீல் டிரம் கிரைண்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உயிர் விஷயம். கிரைண்டர் ஈரக் கையோடு மாவு வழிக்கும் கருவி. அடாப்டரை நம்பாமல், அந்த ஊர் எர்த் பிளக்கை எலெக்ட்ரீஷியன் கையால் மாட்டிக்கொள்வதே முறை.

கடைசியாக ரிப்பேர். இந்த ஊரில் மிக்ஸி நின்றுபோனால் யாரும் பதறுவதில்லை. தெருமுனைக் கடைக்காரர் கழற்றிப் பார்த்து, கார்பன் பிரஷ் மாற்றுவார், கப்ளர் போடுவார், காயில் கருகியிருந்தால் கட்டித் தருவார். சாமானின் ஆயுளில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ அந்த ஆள் கிடையாது. கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலிக்குப் புது மிக்ஸி வாங்கிவிடலாம். அதனால் பெட்டியில் இடம் இருந்தால் மிக்ஸிக்குப் பதிலாக அதன் உதிரிகளை வைக்கலாம். ஜார் கேஸ்கெட் இரண்டு, கப்ளர் இரண்டு, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, கிரைண்டர் பெல்ட் ஒன்று. கேஸ்கெட்டும் கப்ளரும் ஒரே மாடல் வரிசையில் 230 வோல்ட் மிக்ஸிக்கும் 110 வோல்ட் மிக்ஸிக்கும் பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும். பிரஷ் மட்டும் மோட்டாரைப் பொறுத்தது. பெல்ட்டும் மாடலுக்கு மாடல் அளவு மாறும். அமெரிக்காவில் வாங்கப்போகும் மாடலின் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும்.